அலையே இல்லாத கடல்தான் என்னை இழுத்துப் போனது!

"அப்பா, என் பந்து போயிடுச்சு!"

மகள் கத்தியபோது நான் பம்ப் வைத்துப் பட்டத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு பிளாஸ்டிக் பந்து, அலையே இல்லாத தண்ணீரின் மேல், யாரோ கயிறு கட்டி இழுப்பது போலக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "விடுடா தங்கம், வேற பந்து வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பம்ப்பை அழுத்த ஆரம்பித்தேன்.

அந்தப் பந்து என்ன சொல்கிறது என்று அப்போதே புரிந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எனக்கு 42 வயது. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் என்பதைத் தவிர, கடலுக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஒரு ஜனவரி மாதம் நண்பன் ஒருவன்தான் ராமேஸ்வரத்துக்கு அழைத்துப்போய் 'கைட் சர்ஃபிங்' கற்றுக்கொள்ளச் சேர்த்துவிட்டான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைட் சர்ஃபிங் என்பது பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் பறக்கவிட்டு, அது இழுக்கும் வேகத்தில் காலடியில் ஒரு பலகையோடு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் விளையாட்டு. நாம் மாடியில் விடும் காகிதப் பட்டம் இல்லை. ஒரு சின்ன அறையின் தரைப் பரப்பு அளவுக்குத் துணி இருக்கும். அதன் முன்விளிம்பில் குழாய் போல ஓர் உறை. அதில் காற்றை அடைத்தால் பட்டம் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். பிரான்ஸைச் சேர்ந்த லெகெய்ன்யு சகோதரர்கள் 1984-ல் இந்தக் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டிகளில் ஒன்றாக இதுவும் சேர்ந்துவிட்டது.

பட்டத்திலிருந்து 20 மீட்டருக்கும் மேல் நீளமான கயிறுகள் வரும். அவை நம் கையில் இருக்கும் கம்பியில் முடியும். அதை 'பார்' என்பார்கள். இடுப்பில் கட்டியிருக்கும் 'ஹார்னஸ்' என்ற பட்டையில் அந்த பாரை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்து என்றால் ஒரு பிடியைத் தள்ளினால் போதும், பட்டத்தின் இழுவிசை அறுந்துவிடும். முதல் நாள் வகுப்பு முழுக்க அந்தப் பிடியைத் தள்ளுவதுதான் பாடம்.

ராமேஸ்வரம் இந்த விளையாட்டுக்கென்றே அமைந்த மாதிரி ஓர் இடம். ஒல்லியான தீவு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் அமைதியான வடக்குக் கடலைப் 'பெண்கடல்' என்றும், அலை அடிக்கும் தெற்குக் கடலை 'ஆண்கடல்' என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடிக்குப் போனவர்கள் சாலையின் இரண்டு பக்கமும் இந்த இரண்டு கடலையும் பார்த்திருப்பீர்கள்.

நான் கற்றுக்கொண்டது வடக்குக் கரையில். ஜனவரியில் அங்கே வாடைக்காற்று, கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். நூறு முறை விழுந்திருப்பேன். பலகையைத் தொலைத்தேன், பட்டத்தைத் தண்ணீரில் அடித்தேன், கயிற்றைச் சிக்கலாக்கினேன். என்ன ஆனாலும் ஐந்தே நிமிடத்தில் கரை மணலில் வந்து கிடப்பேன். நான் செய்த தப்பையெல்லாம் காற்றே திருத்திக் கரையில் கொண்டுவந்து போட்டது. அதை நான் என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாளில் பயிற்சியாளர் தம்பி சொன்னார். "அண்ணே, மே மாசத்துக்கு மேல வந்தீங்கன்னா இந்தப் பக்கம் இறங்காதீங்க. அப்போ காத்து மாறிடும். தெக்குக் கரைதான் சரி. என்கிட்ட ஒரு போன் பண்ணிட்டு இறங்குங்க."

தலையாட்டினேன். மதுரை வருவதற்குள் மறந்தும்விட்டேன்.

அதே ஆண்டு, மே மாதக் கடைசி. மகளுக்குக் கோடை விடுமுறை. இதற்குள் பழைய பட்டம் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். 'இனி பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம்' என்ற கணக்குப் பிள்ளை புத்தி! மனைவி, மகளோடு ராமேஸ்வரம் போனோம். 22 தீர்த்தம் ஆடி, ராமநாதசுவாமியைத் தரிசித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு தெற்குக் கரைக்குப் போனேன்.

கடலைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது. அலை ஒன்றன் மேல் ஒன்றாக வந்து மணலில் அறைந்துகொண்டிருந்தது. காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. 'ஐயோ, இதிலா?' என்று வண்டியைத் திருப்பி, நான் பழகிய வடக்குக் கரைக்கே போனேன்.

அங்கே கடல் தெப்பக்குளம் மாதிரி கிடந்தது. ஓர் அலை இல்லை. தூரத்தில் தண்ணீர் தகடு போல மின்னியது. "இங்கேயே இறங்குங்க, பார்க்கவே அமைதியா இருக்கு" என்றாள் மனைவி. எனக்கும் அதே நினைப்புதான். அலை இல்லை என்றால் ஆபத்து இல்லை. நம்மில் பெரும்பாலானோர் கடலை அளப்பது அலையை வைத்துத்தானே?

முதல் எச்சரிக்கை, மகளின் பந்து. இரண்டாவது எச்சரிக்கை, பட்டமே தந்தது. மூன்று முறை தூக்கினேன். மூன்று முறையும் துவண்டு மணலில் விழுந்தது. கரையில் இருந்த சவுக்கும் பனையும் காற்றை உடைத்து உடைத்து அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு கணம் காற்றே இல்லை, அடுத்த கணம் ஆளைத் தூக்குகிறது. நான்காவது முறை, நான் சொல்லிக்கொடுத்தபடி மனைவி பட்டத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்து நின்று, நான் கட்டைவிரலை உயர்த்தியதும் விட்டாள். பட்டம் ஏறிவிட்டது. மகள் கைதட்டினாள்.

இடுப்பளவுத் தண்ணீர் வரை நடந்து, பலகையில் காலை மாட்டினேன். 200 மீட்டர் தாண்டியதும் காற்று சீரானது. பலமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் சில நிமிடங்களைப் போல ஓர் ஆனந்தத்தை நான் அனுபவித்ததில்லை. 42 வயது ஆள் தனியாகக் கடலில் 'ஊ...' என்று கத்தினேன்.

பிறகு திரும்பினேன். அங்கேதான் விஷயம் புரிய ஆரம்பித்தது.

பட்டத்தால் காற்றுக்கு நேர் எதிராக ஆளை இழுக்க முடியாது. குறுக்காகப் போகலாம். நன்றாகத் தேர்ந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எதிர்த்து ஏறிவருவார்கள். சரிவான மலையில் குறுக்காக நடந்து மேலே ஏறுவது போல அது. என் மாதிரி அரைகுறைகள் ஒவ்வொரு நடைக்கும் கீழே சறுக்குவோம். ஜனவரியில் நான் சறுக்கிய திசையில் கரை இருந்தது. மே மாதத்தில் அதே சறுக்கலுக்கு அந்தப் பக்கம் கடல் மட்டும்தான்.

நான்கு முறை இங்கும் அங்கும் போனேன். ஒவ்வொரு முறையும் மனைவியும் மகளும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தார்கள். பதற்றத்தில் பாரை வேகமாக இழுத்தேன். பட்டம் தலைக்கு மேல் பாய்ந்து, என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் கவிழ்ந்தது. பலகை எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு கயிறு பட்டத்தைச் சுற்றிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் அது எழவில்லை. கடைசியில் பிடியைத் தள்ளினேன். இழுவை நின்றது. பட்டம் ஒரு கயிற்றில் மட்டும் என்னோடு தொங்கிக்கொண்டு மிதந்தது.

காலை நீட்டிப் பார்த்தேன். தரை இல்லை.

கரையிலிருந்து தகடு மாதிரித் தெரிந்த கடலா இது? அலை நெஞ்சு உயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. காற்று கரையிலிருந்து கிளம்பும்போது அலை எழ இடமில்லை. போகப் போகத்தான் அது தண்ணீரைத் தள்ளித் தள்ளி அலையை வளர்க்கும். மணலில் நிற்பவர்களுக்கு விலகிப்போகும் அந்த அலைகளின் முதுகுதான் தெரியும். அதனால்தான் அவர்களுக்குக் கடல் தெப்பக்குளம்.

கரையைப் பார்த்து நீந்தினேன். செல்போன் கோபுரம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு, மூச்சு முட்டும்வரை கை போட்டேன். பின்னால் பட்டம் முரட்டு மாடு போல எதிர்த்திசையில் இழுத்தது. நிமிர்ந்து பார்த்தால் கோபுரம் முன்பைவிடச் சிறிதாகியிருந்தது.

'கயிற்றைக் கழற்றிவிட்டு நீந்தினால் என்ன?' என்று ஓர் எண்ணம். கை கொக்கி வரை போய்விட்டது. அப்போதுதான் பயிற்சியாளர் தம்பி வகுப்பில் சொன்னது காதில் கேட்டது. "அண்ணே, என்ன ஆனாலும் பட்டத்தை விட்டுடாதீங்க. அதுதான் உங்க படகு. உங்க தலை தேங்காய் சைஸ்தான். பட்டம்தான் தூரத்திலிருந்து தெரியும்."

கயிற்றை பாரில் சுற்றிச் சுற்றி, பட்டத்தின் அருகே போய், காற்றடைத்த விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஜனவரியில் இதையும் பழகியிருக்கிறேன். பட்டத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தால் பாய்மரம் போல நம்மைக் கரை சேர்க்கும். இப்போது தூக்கினால் எங்கே சேர்க்கும்? வடகிழக்கில் சர்வதேசக் கடல் எல்லை, அதைத் தாண்டிக் கச்சத்தீவு. தூக்கவில்லை. சும்மா கட்டிக்கொண்டு கிடந்தேன்.

கண்ணுக்கு எட்டியவரை ஒரு விசைப்படகு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அந்த நேரத்தில் என்னென்ன நினைப்பு வந்தது என்கிறீர்கள்? வீட்டுக் கடன் இன்னும் 11 வருஷம் பாக்கி. வண்டிச் சாவி என் பையில் இருப்பது மனைவிக்குத் தெரியுமா? அவளுக்கு அந்த வண்டி ஓட்டத் தெரியாதே, மகளைக் கூட்டிக்கொண்டு எப்படி ஊர் போவாள்? பெரிய தத்துவமெல்லாம் வரவில்லை.

கரையில் நடந்ததை மனைவி பிறகுதான் சொன்னாள். பட்டம் விழுந்ததைப் பார்த்திருக்கிறாள். வழக்கம் போல எழும் என்று காத்திருக்கிறாள். பத்து நிமிடம் ஆகியும் எழவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. யாருக்குப் போன் செய்வது என்றும் தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூட எடுக்காமல், மணலில் ஓடியிருக்கிறாள். மீனவர் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் வலைக்குப் பொத்தல் போட்டுக்கொண்டிருந்தாராம்.

"ஐயா, என் வீட்டுக்காரர் பட்டத்தோட உள்ள போனவர், இன்னும் திரும்பல."

பெரியவர் ஒரு பிடி மணலை அள்ளி மேலே விட்டிருக்கிறார். அது அப்படியே கடல் பக்கம் பறந்திருக்கிறது. "கச்சான் காத்தும்மா. இதுல போனவரு தானா திரும்ப மாட்டாரு" என்றவர், மகனையும் இன்னும் இரண்டு பேரையும் குரல் கொடுத்து அழைத்து, ஃபைபர் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டார். கரையில் நின்ற என் மனைவியிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "பட்டம் என்ன கலரும்மா?"

ஆரஞ்சு. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

இன்ஜின் சத்தம் கேட்டபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் ஆரஞ்சும் ஒன்றுதான், கறுப்பும் ஒன்றுதான். என்னைத் தூக்கி வள்ளத்தில் போட்டார்கள். கரையிலிருந்து 3 கிலோமீட்டர் இருக்கும் என்றார் மகன். பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

"தம்பி, எந்த ஊரு?"

"மதுரைங்க ஐயா."

"மதுரைல மாடிலேர்ந்து இறங்குறப்போ படி இருக்கான்னு பாத்துட்டுத்தானே கால வைப்பீங்க? இங்க மட்டும் ஏன் பாக்கல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே குரலைத் தணித்துக்கொண்டார். "நாங்க பாய் கட்டிப் போன காலத்துல, விடியக்கால கரைக்காத்துல கடலுக்குப் போவோம். மதியத்துக்கு மேல கடக்காத்து வரும், அதுல வீட்டுக்கு வருவோம். அது தெரியாத ஆளுக்குக் கடல்ல வேலை இல்ல. போற காத்தப் பாக்காதீங்க தம்பி. வர்ற காத்து இருக்கான்னு பாருங்க."

கரை சேர்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, பையிலிருந்த பணத்தை நீட்டினேன். டீசலுக்கு ஆன தொகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மீதியை என் கையிலேயே திணித்தார். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "அப்பா, என் பந்தும் அங்கதானே போச்சு? பார்த்தியா?"

அன்றிரவு லாட்ஜ் அறையில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் மெதுவாகச் சொன்னாள். "நான்தானே பிடிச்சு விட்டேன்."

கடலில் கிடந்த ஒன்றரை மணி நேரத்தைவிட அந்த மூன்று வார்த்தைகள்தான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. என் அவசரத்துக்கும் அலட்சியத்துக்கும் அவள் கையைக் கருவியாக்கிவிட்டேன்.

மறுநாள் பயிற்சியாளர் தம்பியைப் போய்ப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. மணலில் ஒரு கோடு கிழித்து, "இது கரை. இப்போ காத்து எங்கிருந்து எங்க போகுதுன்னு நீங்களே ஒரு அம்பு போடுங்க" என்றார். போட்டேன். அம்பின் கூர் கடலைப் பார்த்தது. "இதை நேத்து போட்டிருந்தீங்கன்னா போதும்ணே" என்றார்.

அவர்தான் யான் லிசெவ்ஸ்கி என்ற போலந்து வீரரின் கதையையும் சொன்னார். 2012 மார்ச்சில் எகிப்திலிருந்து சவுதி அரேபியாவுக்குச் செங்கடலைப் பட்டத்தில் கடக்கக் கிளம்பியவர். நடுக்கடலில் காற்று நின்றுவிட்டது. சுறாக்களைக் கத்தியால் விரட்டிக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு நாள் மிதந்த பிறகுதான் மீட்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பால்டிக் கடலையே கடந்தவர் அவர். அவருக்கே அந்த நிலை என்றால், மூன்று முறை பயிற்சி எடுத்த நான் எம்மாத்திரம்?

இது பட்டம் விடுபவர்களுக்கான கதை மட்டும் இல்லை. கடற்கரைக்குக் குழந்தைகளோடு போகும் எல்லோருக்கும்தான். காற்றடைத்த டியூப், மிதக்கும் மெத்தை, ரப்பர் வாத்து எல்லாமே கரைக்காற்றில் சின்னப் பாய்மரங்கள். பிரிட்டனின் கடற்கரைகளில் ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்பாளர்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காற்றுப்பையைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். அது பறந்தால், காற்று கடல் நோக்கியோ நிலையில்லாமலோ வீசுகிறது, காற்றடைத்த எதையும் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று அர்த்தம். நம் கடற்கரைகளில் அப்படி ஒரு பை இல்லாவிட்டால் என்ன? ஒரு பிடி மணல் போதும்.

கடலில் இறங்கும் முன்...

* ஒரு பிடி மணலைத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். கடல் பக்கம் பறந்தால் பட்டம், டியூப், மெத்தை எதுவும் வேண்டாம்.

* அலை இல்லாததை மட்டும் வைத்துக் கடல் பாதுகாப்பானது என்று முடிவு செய்யாதீர்கள். கரையோரம் தகடாகவும் தூரத்தில் வெள்ளை நுரையாகவும் தெரிந்தால், காற்று உள்ளே பலமாக இருக்கிறது.

* மரமும் கட்டடமும் காற்றை மறைக்கும். கரையில் உணரும் காற்றை நம்பாதீர்கள்.

* பட்டம் விடுபவர்களுக்குக் கடலிலிருந்து சாய்வாகக் கரையை நோக்கி வீசும் காற்றே நல்லது. கரைக்காற்றில் இறங்கவே வேண்டுமென்றால், மீட்புப் படகு தயாராக நிற்க வேண்டும்.

* பந்தோ டியூபோ அடித்துச் செல்லப்பட்டால் போகட்டும். பின்னால் நீந்திப் போகாதீர்கள், குழந்தைகளையும் போகவிடாதீர்கள்.

* மாட்டிக்கொண்டால் மிதக்கும் பொருளை விடாதீர்கள். காற்றை எதிர்த்து நீந்திச் சக்தியை வீணாக்காதீர்கள். விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

* கரையில் இருப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: 'இத்தனை நிமிடம் பார், அதற்கு மேல் காத்திருக்காதே.' இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. அருகில் மீனவர்கள் இருந்தால் அவர்களையும் உடனே அழையுங்கள்.

இப்போதும் பட்டம் விடுகிறீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விடுகிறேன். வாடைக்கு வடக்குக் கரை, கச்சானுக்குத் தெற்குக் கரை. அதுவும் பயிற்சியாளர் தம்பியிடம் போனில் கேட்ட பிறகுதான். ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். "என்ன தம்பி, வர்ற காத்து இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

மனைவி இன்றும் எனக்காகப் பட்டத்தின் விளிம்பைப் பிடித்து நிற்கிறாள். ஆனால் நான் கட்டைவிரலை உயர்த்தினால் விடமாட்டாள். பக்கத்தில் மகள் ஒரு பிடி மணலை அள்ளி மேலே விடுவாள். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று இருவரும் பார்ப்பார்கள். "சரிம்மா, வீட்டுப் பக்கம்தான் வீசுது" என்று மகள் சொன்ன பிறகே, அந்தக் கை பட்டத்தை விடும்.